ஆசான் கையும் ஒரு தாள் பயிற்சியும்

மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் ஹாஸ்டல் நினைவுகள்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பாருங்கள், நம் பேட்ச் நண்பர்களை போனில் பிடித்தால் நினைவுகளுக்கு முன்னால் வந்து நிற்பது முதுகுவலி! ஒருவனுக்குக் கழுத்து, இன்னொருவனுக்கு முட்டு, மூன்று பேருக்கு 'டிஸ்க்'. யாரும் இன்னும் நாற்பதைத் தொடவில்லை. போன மாதம் அவர்களில் ஒருவன் ஒரு வீடியோ அனுப்பினான். ஒருவர் குப்புறப் படுத்திருக்கிறார். இன்னொருவர் முதுகில் இரண்டு கையையும் வைத்து ஒரே அமுக்கு. 'படக்' என்று சத்தம். படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். கீழே நம்ம ஆள் எழுதியிருக்கிறான்: "மச்சி, இதுதான் கைரோபிராக்டிக். அமெரிக்கா டெக்னிக். போலாமா?"

அவனுக்கு ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. ஏனென்றால் நான் கடியப்பட்டணத்துக்காரன். வள்ளியாறு கடலில் விழும் இடத்தில், முட்டம் கலங்கரை விளக்கத்தின் அடியில் இருக்கிற மீன்பிடி ஊர். எங்கள் பக்கத்தில் 'படக்' சத்தத்துக்கு அமெரிக்கா போக வேண்டாம், ஆசான் வீட்டுத் திண்ணை போதும். அந்தத் திண்ணைக்கும் நாகர்கோவிலில் இருந்த ஒரு பிசியோதெரபி அறைக்கும் நடுவில் என் அப்பா ஐந்து மாதம் அலைந்த கதை ஒன்று உண்டு. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

நாஞ்சில் நாட்டிலும் அதன் மேற்கே உள்ள கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களிலும் 'ஆசான்' என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. களரியில் அடிமுறை சொல்லிக் கொடுப்பவர். அதே மனிதர்தான் வர்ம வைத்தியரும். உடம்பில் 108 வர்மம் என்பது இங்குள்ள கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. (வடமொழி சுசுருத சம்ஹிதை 107 என்கிறது. அந்த ஒன்றுக்காக இரண்டு கட்சி உண்டு, நாம் நுழைய வேண்டாம்.) எங்கே தட்டினால் ஆள் விழுவான் என்று தெரிந்தவனுக்கு, விழுந்தவனை எழுப்பவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது களரியின் சட்டம். எழுப்புவதற்கு அடங்கல், இளக்குமுறை, தடவுமுறை என்று பல படிகள். அதற்குப் பிறகு எண்ணெய், கட்டு, பத்தியம். இவையெல்லாம் அகத்தியர் பெயரில் வழங்கும் தமிழ்ச் சுவடிகளில் பாட்டாக இருக்கின்றன. ஆனால் பாட்டை வாசித்து யாரும் ஆசான் ஆனதில்லை. சீடனை வருஷக்கணக்கில் கூடவே வைத்திருந்து, குணம் பார்த்துத்தான் கை மாறும். ரோமன் ஸீலர் என்ற ஆய்வாளர் குமரி மாவட்ட ஆசான்களிடம் பழகி எழுதிய ஆங்கில நூலை 2015-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. அடியும் மருந்தும் ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் அந்தப் புத்தகம் முழுக்கப் பேசும் விஷயம்.

இதில் நம் தலைப்புக்கு வேண்டியது ஒன்று. அடிபட்டவனைத் தடவிச் சரிசெய்பவரும், மறுபடி அவனை நடக்க வைத்துக் குனிய வைத்துச் சுவடு வைக்கப் பழக்குபவரும் வேறு வேறு ஆட்கள் இல்லை. அதே முற்றம், அதே கை. இன்றைய பாஷையில் சொன்னால் கைரோபிராக்டரும் பிசியோதெரபிஸ்டும் ஒரே வேட்டியில் இருந்தார்கள்!

இந்த ஆசான்களுக்கு ஒரு காலத்தில் அரசாங்க வேலையே இருந்திருக்க வேண்டும். 1741-இல் எங்கள் ஊருக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில்தான் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைக் குளச்சலில் தோற்கடித்தது. படை என்றால் பயிற்சி, பயிற்சி என்றால் அடி, அடி என்றால் வைத்தியம். தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி 1809-இல் ஒடுக்கப்பட்டு, திருவிதாங்கூர்ப் படையின் பெரும்பகுதி கலைக்கப்பட்டது. அதன்பின் ஆசானிடம் வந்தவர்கள் படைவீரர்கள் இல்லை. பனையிலிருந்து விழுந்தவர்கள், வண்டி ஏறியவர்கள், வள்ளம் இடித்தவர்கள். போர்க்கலை மெலிந்து வைத்தியம் மட்டும் கஞ்சி ஊற்றியது என்பது என் கணிப்பு.

1838-இல் எங்கள் பக்கத்து நெய்யூரில் லண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே ஆங்கில வைத்தியம் தொடங்கினார். பிற்பாடு அந்த ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர், திரும்பும் வழியில் நெய்யூர்க் கூட்டத்தைப் பார்த்துவிட்டு இங்கேயே வேலை செய்ய முடிவெடுத்தார். (1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போய், ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். அது வேறு கதை.) என் பாட்டி இரண்டு வைத்தியத்துக்கும் எல்லை பிரித்து வைத்திருந்தாள்: "காய்ச்சலுக்கு நெய்யூரு, உளுக்குக்கு ஆசான்." இந்தப் பாகப்பிரிவினையில் ஒரு சிக்கல் இருந்தது. ஆஸ்பத்திரிக்காரருக்கு ஆசான் தெரியாது, ஆசானுக்கு ஆஸ்பத்திரி பிடிக்காது. நோயாளிக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

உலகத்தின் மறுபக்கத்திலும் இதே கூத்துதான் நடந்தது. இங்கிலாந்தில் எலும்பு திருத்துபவர்கள் பரம்பரைத் தொழிலாளிகள், டாக்டர்களின் பரிகாசத்துக்கு ஆளானவர்கள். 1867-இல் ஜேம்ஸ் பேஜெட் என்ற பெரிய சர்ஜன் எழுந்து, இவர்கள் குணப்படுத்தும் கேஸ்களும் இருக்கின்றன, அவர்களிடம் நல்லதை எடுத்துக்கொண்டு கெட்டதை விடுங்கள் என்று சக டாக்டர்களுக்கே லெக்சர் கொடுத்தார். 1894-இல் நான்கு நர்சுகள் சேர்ந்து லண்டனில் மசாஜ் செய்பவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கத்தின் வேர் அதுதான். மறு வருஷமே, 1895 செப்டம்பரில், அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் என்பவர் கட்டிடத் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பை அமுக்கி, அவருடைய காது கேட்க வைத்ததாகச் சொன்னார். கைரோபிராக்டிக் பிறந்தது. கிரேக்க மொழியில் 'கையால் செய்வது' என்று பொருள். நம் ஆசான்மார் கேட்டால் சிரிப்பார்கள்.

பால்மர் அதோடு நிற்கவில்லை. நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முதுகெலும்பு விலகியதால் வருபவை என்று எழுதினார். அதுதான் வினை. லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததாக 1906-இல் ஜெயிலுக்கும் போனார். அமெரிக்க மருத்துவச் சங்கம் அவருடைய வாரிசுகளைத் தீண்டத்தகாதவர்களாக வைத்திருந்தது. 1976-இல் சில கைரோபிராக்டர்கள் வழக்குப் போட, 1987-இல் நீதிபதி சூசன் கெட்ஸெண்டானர் சங்கம் செய்தது சட்டவிரோதப் புறக்கணிப்பு என்று தீர்ப்பளித்தார். கைரோபிராக்டிக் அறிவியலா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காது கேட்ட கதைக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. இடுப்பு வலிக்கு உண்டு, மிதமான அளவில்.

சரி, அந்த 'படக்' சத்தம் என்ன? ஹைட்ராலிக்ஸ் லேபில் சென்ட்ரிஃப்யூகல் பம்ப் முன்னால் நின்றோமே, உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைந்தால் திரவத்தில் குமிழ் உண்டாகும் என்று? கேவிடேஷன்! அதேதான் இது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில், இரண்டு எலும்பு முகங்களும் சட்டென்று விலகும்போது அழுத்தம் விழுந்து வாயு வெற்றிடம் உண்டாகிறது. 1971-இல் இங்கிலாந்தில் அன்ஸ்வொர்த், டௌசன், ரைட் ஆகிய மூவரும் விரல் மூட்டை இழுத்து அளந்து இதை எழுதினார்கள். மூவரில் டௌசன் மெக்கானிக்கல் இன்ஜினியர், நம்ம ஜாதி! சத்தம் குமிழ் உடைவதாலா, உண்டாவதாலா என்பதில் தகராறு இருந்தது. 2015-இல் கனடாவில் எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்து, உண்டாகும்போதுதான் என்றார்கள். எது எப்படியோ, அந்தச் சத்தம் விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. அதனால் சத்தம் வந்தால் குணம், வராவிட்டால் காசு நஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

இனி அப்பா கதை.

2014 மாசி மாதம். விடியற்காலை அலைக்குள் வள்ளத்தைத் தள்ளும்போது ஒரு அலை அணியத்தைத் திருப்பிவிட்டது. மரச்சட்டம் அப்பாவின் இடுப்பில் இடித்தது. வீட்டுக்கு நடந்துதான் வந்தார், ஆனால் கட்டிலில் உட்கார முடியவில்லை. நான் அப்போது சென்னையில் வேலை. போனில் அம்மா, "ஆசானைக் கூட்டிட்டு வந்தாச்சு மக்களே, நீ பேடிக்காதே" என்றாள். ஆசானுக்கு எழுபது வயதிருக்கும். கையால் பார்த்தார், ஓர் இடத்தில் விரலை ஊன்றினார், தைலம் விட்டுத் தடவினார், கட்டினார். மறுநாள் அப்பா எழுந்து நடந்தார். ஆசான் சொன்ன பத்தியம்: நாற்பத்தொரு நாள் பாரம் தூக்கக்கூடாது, தலை நனைக்கக்கூடாது, கடலுக்குப் போகக்கூடாது.

அப்பா ஐந்தாம் நாள் கடலுக்குப் போனார்.

ஏன் என்று நான் கேட்டேன். "போகலேன்னா பங்கு யாரு தருவா?" என்றார். வள்ளத்தில் போனவனுக்குத்தான் பிடித்த மீனில் பங்கு. வீட்டில் படுத்திருப்பவனுக்குச் சாக்குப்போக்கு மட்டும்தான். அந்த வாரக் கடைசியில் வலை இழுக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. வலைமேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. குனிந்து நின்று 20 கிலோ பாரத்தை முதுகெலும்பிலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னால் பிடித்திருக்கிறோம். அதைத் தாங்கும் முதுகுத் தசை எலும்புக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. முதலாண்டு ஸ்டாடிக்ஸ்: தசை இழுக்க வேண்டியது 160 கிலோ. நம் மேலுடம்பின் எடை இன்னும் கணக்கில் சேரவில்லை. நனைந்த வலை, ஆடும் வள்ளம், வழுக்கும் கால்... எந்தக் கையெழுத்திட்ட டிசைனிலும் இந்த லோடிங்கை நான் பாஸ் பண்ண மாட்டேன்.

நாகர்கோவிலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டிஸ்க் சற்றுப் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், மாத்திரை, பிறகு பத்து நாள் பிசியோதெரபி. அங்கே கரண்ட் வைத்தார்கள், சூடு வைத்தார்கள், கடைசியில் படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து தினம் இரண்டு வேளை செய்யச் சொன்னார்கள். அப்பா அதை நான்காக மடித்து மாதா படத்துக்குப் பின்னால் செருகினார். ஆசான் தடவினார் என்று வாய்தவறிச் சொன்னதும், "இனி யாராவது அங்கே கை வச்சா இங்கே வராதீங்க" என்று கோபித்தார்களாம். ஆசானிடம் போனால், "கரண்டு வச்ச உடம்புல நான் கை வைக்க மாட்டேன் பிள்ளே" என்றாராம். அப்பா இரண்டு பேரையும் விட்டுவிட்டு மருந்துக்கடை மாத்திரையில் காலம் தள்ளினார். சித்திரை, வைகாசி போயின. வலி போகவில்லை. காலில் மரமரப்பும் சேர்ந்துகொண்டது.

(ஒரு எச்சரிக்கையை இங்கேயே போட்டுவிடுகிறேன். இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப்போனாலோ ஆசானும் வேண்டாம், தாளும் வேண்டாம், அன்றே சர்ஜனிடம் போங்கள். அதேபோல சலூனில் முடிவெட்டியபின் கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவார்களே, அதற்குத் தலையை நீட்டாதீர்கள். கழுத்து எலும்பு வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிவது அபூர்வம்தான், ஆனால் கிழிந்தால் பக்கவாதம்.)

ஆனி பிறந்தது. கடல் குமுறத் தொடங்கினால் எங்கள் கரையில் யாரும் யாரையும் கடலுக்குப் போகச் சொல்வதில்லை. நான் இருபது நாள் லீவில் ஊருக்கு வந்தேன். மாதா படத்தின் பின்னாலிருந்து தாளை எடுத்தேன். ஆசானிடம் போய் அவர் சொன்ன பத்தியத்தை வரிவரியாகக் கேட்டு எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். முதலில் பாரம் கூடாது என்று இரண்டும் சொல்கின்றன. படுத்தே கிடக்காதே, சமதரையில் காலை மாலை நட என்று இரண்டும் சொல்கின்றன. தாளில் ஒரு காலை முன்வைத்து முட்டு மடக்கி, முதுகு நிமிர்ந்தே இறங்கும் பயிற்சி ஒன்று இருந்தது. ஆசான் தன் களரியில் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் ஒற்றைச் சுவடும் கிட்டத்தட்ட அதுதான்! வித்தியாசம் என்னவென்றால், ஆசான் தடவிய பிறகே சுவடு என்பார். தாளில் தடவல் இல்லை.

என்ஜினியர் புத்தி, சும்மா இருக்குமா? இரண்டையும் சேர்த்து ஆறு வாரத்துக்கு ஒரு பார் சார்ட் போட்டேன். வாரம் இரண்டு நாள் தடவல், தினம் நடை, மூன்றாம் வாரத்திலிருந்து சுவடு, ஐந்தாம் வாரத்திலிருந்து கொஞ்சம் பாரம். கழுத்திலும் முதுகிலும் திருப்பிச் சொடுக்குவது அறவே இல்லை. பிசியோதெரபிஸ்டிடம் காட்டினேன். ஒரு பயிற்சியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு, "செய்யட்டும்" என்றார். ஆசானிடம் காட்டினேன். "நீ படிச்ச புள்ள, கட்டம் போட்டுட்டே. நாங்க மனசுல போட்டிருந்தோம்" என்றார். இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கடைசிவரை சொல்லவில்லை!

ஆவணியில் அப்பா கடலுக்குப் போனார். இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. பெரும்பாலான இடுப்புவலி தானாகவே ஆறிவிடும் என்பது தெரிந்ததே. ஒரே ஒரு ஸ்பெசிமனை வைத்து ரிசல்ட் எழுதினால் நம் லேப் ரெக்கார்டில் கையெழுத்து விழாது.

கையெழுத்து விழக்கூடிய சோதனைகள் பிற்பாடு கண்ணில் பட்டன. 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது ஒன்று. 1,334 இடுப்புவலிக்காரர்கள். சிலருக்குப் பயிற்சி, சிலருக்கு மூட்டுகளைக் கையால் இயக்கும் சிகிச்சை, சிலருக்கு முதலில் கை, பிறகு பயிற்சி. மூன்று மாதத்தில் மிதமான பலன், ஒரு வருஷத்தில் சிறிய பலன் என்று கடைசிக் கூட்டம் நன்றாக வந்தது. கை வைத்தவர்களில் கைரோபிராக்டர், ஆஸ்டியோபாத், பிசியோதெரபிஸ்ட் மூன்று வகையினரும் இருந்தார்கள், முறையை மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்திருந்தார்கள். 2016-இல் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, கையால் செய்யும் சிகிச்சையைப் பயிற்சியோடு சேர்த்து மட்டுமே கொடுக்கலாம், தனியாக வேண்டாம் என்றது. 2018-இல் அமெரிக்க ராணுவத்தில் 750 பேரிடம், வழக்கமான சிகிச்சையோடு கைரோபிராக்டிக் சேர்த்தவர்களுக்கு ஆறு வாரத்தில் வலி கூடுதலாகக் குறைந்தது. இந்தக் கடைசி ஆய்வைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. அந்தச் சிப்பாய்களுக்குச் சிகிச்சை நாளிலும் சம்பளம் உண்டு. களரிச் சீடனுக்கும் ஆசான் வீட்டுக் கஞ்சி உண்டு. வள்ளத்துக்காரனுக்கு என்ன உண்டு?

கேரளத்தில் கர்க்கடகத்தில், அதாவது நம் ஆடியில்தான் உழிச்சிலும் எண்ணெய்த் தேய்ப்பும் செய்துகொள்வார்கள். மழைக்காலத்தில் உடம்பு பக்குவமாக இருக்கும் என்று காரணம் சொல்வார்கள். அது உண்மையோ என்னவோ, வேறு வேலை இல்லாத மாதம் என்பது நிச்சயம் உண்மை. அப்பாவைக் குணப்படுத்தியதில் தைலத்துக்கு எத்தனை பங்கு, சுவடுக்கு எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனி ஆடிக் கடலுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு, அது மட்டும் தெரியும். மாசியில் விழுந்ததால்தான் ஐந்து மாதம். ஆனியில் விழுந்திருந்தால் நாற்பத்தொரு நாளில் முடிந்திருக்கலாம்.

நம் தமிழ்நாட்டிலேயே கையையும் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் (கொல்லிமலையில் பிறந்தவர்) 1948 முதல் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்தார். ஒரு வேலைக்கான தசைநாணை இன்னொரு வேலைக்கு மாற்றிக் கட்டுவது. கட்டிவிட்டால் போதாது, மூளைக்கு அதைப் பழக்க வேண்டும். பழக்காவிட்டால் அறுவை வீண். அதனால் ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் அந்தக் குழுவில் ஒருவராக இருந்தார். பின்னாளில் பிராண்டிடம் வேலை பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்தார். வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, அவர் முயற்சியில் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அதில் நோயாளி தங்கித்தான் பழக வேண்டும்.

இன்று நிலைமை இப்படி: பிசியோதெரபிக்கு 2021-இல் வந்த மத்தியச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வர்மம் சித்த மருத்துவப் படிப்பின் பகுதி. எங்கள் மாவட்டத்து முஞ்சிறையிலேயே சித்த மருத்துவக் கல்லூரி உண்டு. கைரோபிராக்டிக்குக்கு இந்தியாவில் தனிக் கவுன்சில் கிடையாது. ஆகவே வீடியோ அனுப்பிய நண்பா, யாரிடம் போனாலும் எங்கே படித்தார், படித்த சான்று என்ன என்று கேள். கை வைத்தபின் என்ன பயிற்சி என்று கேள். "பயிற்சி எல்லாம் வேண்டாம், மாசாமாசம் வாங்க" என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு. அதற்கு முன்னால் உன் மேனேஜரிடம் எத்தனை நாள் லீவு தருவார் என்றும் கேட்டுவிடு.

அப்பாவுக்கு இப்போது அறுபத்தாறு. ஆசான் காலமாகிவிட்டார். காலையில் கோயில் மணி அடித்ததும் அப்பா மணலில் ஏழெட்டுச் சுவடு வைப்பார். பேரன் பின்னாலேயே வைப்பான். தாள் இன்னும் மாதா படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது.

சந்திப்பின் இரண்டாம் நாள் காலையில் பழைய மாணவர்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி என்று நிகழ்ச்சி நிரலில் பார்த்தேன். சிவில்காரர்கள் என்னை மெக்கானிக்கல் அணிக்கு எதிர்பார்க்க வேண்டாம். விசில் ஊதுகிற வேலை இருந்தால் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.